தபீத்தா டீச்சரின் ஐந்தாம் வார்த்தை

மூன்றாம் வார்த்தை முடிந்து சபை ஐயர் எழுந்து மௌன ஜெபத்துக்குச் சொன்னபோது தபீத்தா டீச்சர் எல்லோரையும் போலக் கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள்ளே ஜெபம் வரவில்லை, பியூலாவின் வெள்ளைச் சேலைதான் வந்தது. பெண்கள் பக்கம் நாலாவது வரிசை, சன்னலோரம். வந்துவிட்டாள். வரமாட்டாள் என்றுதான் டீச்சர் கடைசி மணி அடிக்கிறவரைக்கும் நினைத்திருந்தாள். நினைத்தது என்ன நினைத்தது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லிவிடலாம். பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒருத்தி கோயிலுக்கு வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்ட ஊழியக்காரி இந்தத் திருமண்டலத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணிவரைக்கும் ஆராதனை. சிலுவையில் தொங்கிக்கொண்டு ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகள், அதைப் பேச ஏழு பேர், ஆளுக்குக் கால்மணி நேரம், நடுவிலே ஒரு பாட்டு, ஒரு மௌனம். கிருபாவிளைக் கோயிலில் ஐந்தாம் வார்த்தை பத்தொன்பது வருஷமாக டீச்சருக்கு. அதற்குள் நாலு ஐயர்மார் மாறிப் போய்விட்டார்கள். ஒருத்தருக்கும் அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கத் துணிச்சல் வந்ததில்லை. தாகமாயிருக்கிறேன். ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்தொன்பது கால்மணி நேரம் பேசியாயிற்று. இன்றைக்கு இருபதாவது. இன்னும் நாலாம் வார்த்தைக்காரன் ஒருத்தன்தான் இடையில் இருக்கிறான், அவன் இறங்கினால் இவள் ஏற வேண்டும், ஏறினால் நாலாவது வரிசைச் சன்னலோரத்திலிருந்து அந்த ரெண்டு கண்ணும் இவளைப் பார்க்கும்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஊரில் பாதிப்பேர் இன்றைக்கு உபவாசம்தான், ஆனால் மற்றவர்கள் சோற்றை விட்டாலும் ரெண்டு மடக்குத் தண்ணீராவது குடிப்பார்கள். டீச்சர் அதுவும் தொடமாட்டாள். அறுபது வயசிலும் டீச்சருக்கு என்ன வைராக்கியம் என்று பெண்கள் ஐக்கியத்தில் வாய் ஓயாமல் சொல்லுவார்கள். வைராக்கியமாவது ஒண்ணாவது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை சுகவீனத்தில் ஒன்றும் குடிக்காமல் பீடத்தில் போய் நின்றபோது தொண்டை வறண்டு அந்தச் சொல் பாதியில் உடைந்து விழுந்தது, கோயில் மொத்தமும் அசையாமல் போனது, பின்வரிசையில் ஒரு பிள்ளை அழுத சத்தம்கூடப் பட்டென்று நின்றது. அன்றைக்கே டீச்சருக்குத் தெரிந்துபோயிற்று. அதிலிருந்து இது உபவாசம் இல்லை. பாடப்போகிறவன் தொண்டைக்கு மிளகு கடிக்கிறானே, அந்தச் சங்கதிதான், கடிக்கிறதுக்குப் பதிலாகக் குடிக்காமல் இருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டுக்காரர் ஜெபத்துரைக்கு மட்டும் எப்படியோ தெரியும். ஆண்கள் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் இருக்கிறார், தூங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கோயிலில் இல்லை. காலையில் செம்பை நீட்டி, “ரெண்டு மடக்கு குடி. ஆண்டவர் ஒண்ணும் உன் தொண்டைய கவனிச்சுக்கிட்டு இருக்கல” என்றார். “உங்களுக்கு எல்லாம் கேலிதான்” என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனுஷர் கேலியாகச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததனால்தான் திருப்பிக்கொண்டாள். செம்பு அடுப்படி மேடைமேல் அப்படியே இருந்தது.

கண்ணைத் திறக்கலாம், பாட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். டீச்சரும் எழுந்து பாட்டுப் புஸ்தகத்தை விரித்தாள், பக்கத்தைப் பார்க்கவில்லை, வாய் பாட்டுக்குப் பாடியது. அதுதான் இவள் வாயின் விசேஷம், சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பியூலா பாடுகிறாளா? புஸ்தகத்தைப் பிடித்திருக்கிறாள், உதடு அசையவில்லை. இதே கோயிலில் ஆறு வயசில் ஒரு சங்கீதம் முழுவதையும் மூச்சு வாங்காமல் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினவள் அவள். பரிசு ஒரு பச்சைச் சோப்பு டப்பா. அந்தச் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்தது டீச்சர், டப்பாவை வாங்கி வைத்தது டீச்சர், அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் தலையில் கைவைத்து ஜெபித்தது டீச்சர், ரெண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது டீச்சர். அவளுக்கு விசுவாசம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்தக் கையால் ஊட்டினது. புருஷன் ஸ்டான்லி செத்து ஆறு மாசம், ஆறு மாசமாகக் கோயில் பக்கம் தலைவைக்கவில்லை. “நீங்க போய்ச் சொன்னா கேப்பா டீச்சர்” என்று ஐயர் அனுப்பினார். போன ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு, சாயந்திரமாகப் போனாள். பியூலா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “ஏட்டி, எத்தனை நாளைக்கு இப்படி இருப்ப? பிள்ளைகளுக்காவது வரணும்லா” என்றாள் டீச்சர். “பிள்ளைகள அனுப்புதேனே” என்றாள் அவள். “நீ வரணும்” என்றதும் கீரையிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்து பார்த்தாள். “வாறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை வாறேன். ஆனா ஐயர கேக்கவும் இல்ல, பாட்டுப் படிக்கவும் இல்ல, உங்கள கேக்கத்தான் வாறேன். அஞ்சாம் வார்த்தை உங்களுக்குத்தான? அதே வார்த்தைய நீங்க எங்க வீட்டு அவருகிட்டயும் சொன்னீங்க. அன்னைக்கு அவரு தண்ணிதான் கேட்டாரு, நீங்க பிரசங்கம் பண்ணினீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்க சொல்லுததெல்லாம் உங்களுக்குள்ள இருக்கா, இல்ல எங்களுக்காவச் சொல்லுதீங்களா? இருக்குன்னா நானும் எப்படியாவது பிடிச்சுக்கிடுவேன். வெறும் பேச்சுதான்னா வேதத்த மூடிப் பரண்ல வச்சிருவேன். சண்டையெல்லாம் போட மாட்டேன். விட்டுருவேன், அவ்வளவுதான்.” கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம், கோபக்காரர்களைச் சமாளிக்க டீச்சருக்குத் தெரியும். அவள் கீரையின் ஈர்க்கை ஒடித்தபடியே சொன்னாள்.

ஸ்டான்லிக்கு ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவான், வந்து வாசற்பக்கக் கட்டிலில் கிடப்பான். அவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். மாத்திரைக்குக் குடிப்பதும் அதற்குள் அடக்கம். ஒரு சின்னப் பாட்டிலில் அளந்து ஊற்றிப் பியூலா அலமாரிக்கு மேலே வைத்திருப்பாள், அவன் கண் அந்தப் பாட்டிலைவிட்டு எங்கேயும் போகாது. டீச்சர் வியாழக்கிழமைதோறும் போவாள். போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, நல்ல வெயில், அவன் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது, “டீச்சர், அவ வீட்டுக்குப் பின்னாடி நிக்கா, ஒரு மடக்கு எடுத்துத் தாங்க, யாருக்கும் தெரியாது” என்றான். கெஞ்சினான். வளர்ந்த ஆம்பிளை. டீச்சருக்கு என்ன செய்ய என்று தெரியவில்லை, கொடுக்கக் கூடாது என்பது வாஸ்தவம்தான், அதில் ஒரு தப்பும் இல்லை, டாக்டரே வந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், கூட உட்கார்ந்து அழுதிருக்கலாம், ஒரு துணியை நனைத்து உதட்டில் வைத்திருக்கலாம், அதையாவது செய்திருக்கலாம். வாய் திறந்தது. “ஆண்டவரும் தாகமாத்தான் தம்பி இருந்தாரு” என்றது. அதோடு நின்றதா, இல்லை, அவர் தாகத்துக்குப் புளித்த காடியைக் கொடுத்தார்களே, அதை விளக்கியது, சரீர தாகம் என்றது, ஆத்தும தாகம் என்றது, அவன் கண்ணை மூடிக்கொண்ட பிறகும் ஏழெட்டு நிமிஷம் பேசியது. அவன் மெள்ளப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பிப் பார்த்தால் பியூலா வாசற்படியில் நிற்கிறாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. ஐப்பசியில் அவன் செத்துப்போனான். அடக்க ஆராதனையில் ஜெபம் பண்ணினது டீச்சர்தான். பிரமாதமாக இருந்தது என்று வெளியூர்க்காரர்கள்கூடச் சொன்னார்கள்.

கில்பர்ட் பிரசங்க பீடத்தில் ஏறிவிட்டான். நாலாம் வார்த்தை, ஏன் என்னைக் கைவிட்டீர் என்கிற வார்த்தை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளை, முதல் தடவையாகக் கொடுத்திருக்கிறார்கள், தாளை எடுத்து எடுத்து அடுக்குகிறான். பேசட்டும். நன்றாக இழுத்துப் பேசட்டும், மூன்று மணிவரைக்கும் பேசட்டும். இந்த அஞ்சு நாளாக டீச்சர் என்னதான் செய்யவில்லை? திங்கட்கிழமை விடியற்காலம் நாலரைக்கு எழுந்து, அடுப்படி மேசையில் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், முன்னாட்களில் உட்கார்ந்த அதே இடம். முன்னாட்களில் என்றால் பிரசங்கம் செய்யத் தொடங்குமுன். அப்போது அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. வாசிப்பாள், ஒரு வரி பிடித்துக்கொள்ளும், மாவாட்டும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் சொல்லத் தோன்றாது, சொல்லவும் தெரியாது. பிறகு வியாழக்கிழமைக் கூட்டம் வந்தது, விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தது, பெண்கள் ஐக்கியச் செயலாளர் பதவி வந்தது, வெளியூர்க் கூட்டங்கள் வந்தன, எல்லோருக்கும் ஏதாவது கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு வரி கண்ணில் பட்டதும், இது வியாழக்கிழமைக்கு ஆகும், இது வாலிபருக்கு ஆகும், இது சாவு வீட்டுக்கு ஆகும் என்று எடுத்து வைக்கத் தொடங்கினாள். கோயில் அசன விருந்துக்குச் சமைக்கிறவன் கடைசியில் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டான், புகையும் வாசனையும் ஏறிப் பசியே செத்துப்போகும். இவளுக்கு அப்படித்தான் செத்துப்போயிற்று. எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பசி இல்லை என்பதே தெரியாமல் ஊருக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை உட்கார்ந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. செவ்வாய், ஒன்றும் இல்லை. புதன்கிழமை முழங்காலில் நின்று, எனக்கு வேண்டும், எனக்கு ஏதாவது தாரும் என்று கேட்கப் போனாள். வாய் திறந்தது, “இந்தச் சகோதரியைக் கண்ணோக்கிப் பாரும், இவர்களுடைய தேவைகளைச் சந்தியும்” என்றது. எந்தச் சகோதரி? யாருடைய தேவை? டீச்சருக்கு அப்படியே சிரிப்பு வந்துவிட்டது. முழங்காலில் நின்றபடி தனியாகச் சிரித்தாள், அதன்பிறகு பயமாக இருந்தது, எழுந்துபோய்ப் பாலைக் காய்ச்சினாள்.

“இதுல இன்னொரு காரியத்தையும் நாம தியானிக்க வேண்டியிருக்குது” என்றான் கில்பர்ட். குரல் கொஞ்சம் தைரியப்பட்டிருந்தது. டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்று இருபத்தஞ்சு, ஆறு நிமிஷம்தான் பேசியிருக்கிறான், அதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது போல, பாவம், இன்னும் ஒன்பது நிமிஷம் கிடக்கிறது. “கைவிடப்பட்டவருக்குத் தாகம் எடுக்குது” என்றான். டீச்சர் நிமிர்ந்தாள். “சரீர தாகம், ஆத்தும தாகம்...” இதென்ன. இவன் ஏன் அங்கே போகிறான். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்து, “டீச்சர், எனக்கு ஒண்ணும் ஓடல, ஏதாவது குறிப்பு இருந்தா குடுங்க” என்று நின்றான். இவள் அந்தப் பழைய நீள நோட்டைத் தூக்கிக் கொடுத்தாள், நாலாம் வார்த்தை இந்தப் பக்கம், பார்த்து எழுதிக்கொள் என்று விரல் வைத்துக் காட்டியும் கொடுத்தாள். அடுத்த பக்கம் அஞ்சாம் வார்த்தை. பயந்த பிள்ளை, நோட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் கையில் கிடைத்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போயிருக்கிறான், நேரம் மிச்சம் கிடக்கவும் எடுத்து விரிக்கிறான். காடி வந்தது, அதைத் தோய்த்து நீட்டின ஈசோப்புத் தண்டு வந்தது, வரிசை மாறாமல் வந்தது. போகட்டும், இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லுகிறதுதான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்ளும்போதே, “ஒரு தாயார் இருந்தாங்க” என்றான். டீச்சரின் கை மடியிலிருந்த கைக்குட்டையைப் பிடித்தது. “அவங்களுக்கு வயித்துல பெரிய ஆபரேஷன். தண்ணி குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ராத்திரி பூரா மகளைப் பார்த்து, ‘ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு’ன்னு கேட்டாங்க...” இங்கே ஒரு நிறுத்து நிறுத்த வேண்டும். கில்பர்ட் நிறுத்தினான். நோட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கும். முன் வரிசையில் ஐயரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

அது அம்மா. யாரோ ஒரு தாயார் இல்லை, அவளுடைய அம்மா, பாக்கியவதி, பெரிய பல், சிரித்தால் ஈறு தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, தரமாட்டேன் அம்மா, பேசாமல் படு அம்மா என்று சொன்னது இந்த வாய்தான். விடிந்ததும் அம்மா இல்லை. கொடுத்திருந்தாலும் போயிருப்பாள், கொடுத்திருந்தால் குடித்துவிட்டுப் போயிருப்பாள். இதை டீச்சர் பன்னிரண்டு வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஜெபத்துரையிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. முதல் தடவை அஞ்சாம் வார்த்தை கொடுத்தபோது என்னவோ அந்தப் பீடத்தில் நின்றபடி தானாக வெளியே வந்துவிட்டது, மேற்கொண்டு பேச முடியவில்லை, பாதியில் இறங்கிவிட்டாள், அழுகை நிற்கவில்லை. அன்றைக்குத்தான் அது உண்மை. அடுத்த வருஷமும் சொன்னாள், ஏனென்றால் போன வருஷம் ஜனங்கள் அழுதார்கள். அதற்கடுத்த வருஷம் எங்கே நிறுத்தினால் கைக்குட்டை வெளியே வரும் என்று தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அம்மா முகமே வருவதில்லை. பெரிய பல்லைக்கூட இன்றைக்குத்தான், இந்தப் பையன் வாயிலிருந்து கேட்டபிறகுதான், எத்தனையோ வருஷம் கழித்து நினைத்துக்கொள்கிறாள். சொந்த அம்மாவின் சாவை நோட்டில் எழுதிச் சிவப்புக் கோடு போட்டு வைத்தவள் உலகத்தில் வேறு எவளாவது உண்டா? அதையும் வந்து கேட்டவன் கையில் தூக்கிக் கொடுத்தவள்? வெட்கக்கேடு. பியூலாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பியூலா கில்பர்ட்டைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி நேராக டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியும், பத்தொன்பது வருஷமும் கேட்டவள்தானே, ஸ்டான்லி கட்டிலடியில் உட்கார்ந்துகூட டீச்சர் அதைச் சொல்லியிருக்கிறாள். இப்போது யார் வாயிலும் போய் உட்காருகிற கதையாக அது போய்விட்டது என்று அவளும் பார்த்துவிட்டாள்.

பாட்டு. எழுந்திருக்க வேண்டும். எழுந்தாள். அஞ்சு சரணம், அஞ்சும் பாடுவார்கள். அதற்குள் ஏதாவது வரவேண்டும். நோட்டில் இருந்தது போய்விட்டது, நல்லதுதான், போய்த் தொலையட்டும், அதைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தால் பியூலா முதல் வரியிலேயே எழுந்துபோயிருப்பாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா, ஐயர் அவசரத்துக்கு ஏதாவது பேசிச் சமாளிப்பார், தலைசுற்றல், தண்ணீர் குடிக்காததனால் என்று நம்புவார்கள், இன்னும் பெரிய பக்தி என்று சொல்லுவார்கள். அதுவும் பொய். பொய் சொல்லித் தப்பினால் அவளுக்குப் பதில் தெரிந்துவிடும். வேறு என்ன இருக்கிறது கையில்? ஒன்றும் இல்லை என்பது இருக்கிறது. அது ஒன்றுதான் சொந்தமாக இருக்கிறது. போய் நின்று அதைச் சொல்லு. எனக்குள்ளே ஒன்றும் இல்லை, ரொம்ப வருஷமாக இல்லை, பியூலா, உன் புருஷன் கேட்டபோது நான் பேசினது பேச்சுதான், என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடு. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. ஊர் என்ன நினைத்தால் என்ன, அடுத்த வருஷம் கொடுக்காவிட்டால் போகிறார்கள். ஒரு கிழட்டு வாத்திச்சியின் பேர் கெட்டால் கெடட்டும், அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு இவள் கையால் ஊட்டின ஒருத்தியாவது விட்டுவிடாமல் இருப்பாளே. இதை நினைத்ததும் டீச்சருக்கு நெஞ்சுக்குள்ளே என்னவோ அசைந்தது, பயமா சந்தோஷமா என்று சொல்ல முடியவில்லை, அம்மா முகம் இன்னொரு தடவை வந்தது. ஆண்டவரே, என்றாள். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் பண்ணின ஒழுங்கான ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். நாலாம் சரணம் முடிந்தது. அஞ்சாம் சரணத்தில் அவள் உட்காரும் பலகையைவிட்டு வெளியே வந்து நடந்தாள், நோட்டைப் பலகையிலேயே விட்டுவிட்டாள்.

பீடத்துக்கு அஞ்சு படி. ஏறி நின்று ரெண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கீழே வெள்ளை உடுப்புகளும் அதற்குமேல் முகங்களும் தெரிந்தன. “நான் இன்னைக்கு ஒண்ணும் கொண்டு வரல” என்றாள். “எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ரொம்ப வருஷமாவே இல்ல. உங்களுக்கு எடுத்து எடுத்துக் குடுத்தேன், நான் சாப்பிடல. சாப்பிடலங்கதே எனக்குத் தெரியல.” பியூலாவின் முகம் மாறியது. கண் கொஞ்சம் விரிந்தது, பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள், ஆறு வயசில் ஒப்பிக்கத் தொடங்குமுன் அப்படித்தான் சாய்வாள். “தண்ணி கேட்ட மனுஷனுக்கு நான்...” என்று டீச்சர் சொன்னாள், தொண்டை அடைத்தது, நிஜமாகவே அடைத்தது. அப்போது முன்வரிசையில் ஐயரம்மா கைக்குட்டையை எடுப்பது கண்ணில் பட்டது. பக்கத்தில் இருந்தவளும் எடுத்தாள். டீச்சரின் வாய் நின்றது. இவள் நிறுத்தவில்லை, அது நின்றது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றது, பின்வரிசைவரைக்கும் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தது. “அன்பானவர்களே,” என்றது பிறகு, “ஒரு விசுவாசி இப்படி வறண்டுபோறதுக்கு மூணு காரணம் உண்டு.” யார் சொன்னது? டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல குரல், அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். முதலாவது, தனி ஜெபத்தை விட்டுவிடுகிறோம் என்றது, அதற்கு ஒரு சின்ன உதாரணம் சொன்னது. ரெண்டாவது, கொடுக்கிறவர்கள் வாங்க மறந்துவிடுகிறோம் என்றது. கூட்டத்தில் பலர் அழுதுகொண்டிருந்தார்கள், ஜெபத்துரை தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார், கில்பர்ட் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டிருந்தான். பியூலா வேதத்தை மூடினாள். மூடிப் பைக்குள் வைத்து, பக்கத்திலிருந்த அம்மாளிடம் காலை நகர்த்திக்கொள்ளச் சொல்லி, சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிந்து போகிறவள் மாதிரி பக்கவாசலைப் பார்த்து நடந்தாள். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு படிதான், இறங்கினால் வேப்பமரத்தடிக்குள் அவளைப் பிடித்துவிடலாம், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கலாம், ஒன்றும் பேச வேண்டாம். கடிகாரத்தில் இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. கீழே இத்தனை முகமும் நனைந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கவாசல் கதவு வெயிலுக்குத் திறந்து மறுபடியும் சாத்திக்கொண்டது.

“மூன்றாவதாக,” என்றாள் டீச்சர், குரலை இன்னும் கொஞ்சம் இறக்கி.